அண்ணனுக்கு 34 வயதில் பார்க்கின்சன்: மைட்டோகாண்ட்ரியா பழுது அம்மா வழியில் வருவதா?

தெற்குவாடித் தம்பி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பாம்பனிலிருந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணனுக்கு 34 வயது. நாட்டுப்படகில் நண்டு வலைக்குப் போகிறவர். கிழிந்த கண்ணிகளைப் பொத்துவதில் எங்கள் வாடியில் அவர் கைக்கு ஈடு கிடையாது. பேசிக்கொண்டே, வலையைப் பார்க்காமலே பொத்துவார். இரண்டு வருடம் முன்பு ஒருநாள் பாதியில் ஊசியைக் கீழே வைத்துவிட்டு இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கை எஞ் சொல்லக் கேக்க மாட்டேங்குதுடா" என்றார். களைப்பு என்று நினைத்தேன். அப்புறம் சாயங்காலம் ஆனால் இடது பாதம் உள்பக்கமாக மடங்கிக்கொள்ள ஆரம்பித்தது. படகை இழுத்துவிட்டு மணலில் நாலு எட்டு வைக்க முடியாது. தூங்கி எழுந்தால் காலையில் பரவாயில்லை. அதனாலேயே பலர் நம்பவில்லை, "காலையில நல்லாத்தானே நடந்தான்" என்று சொல்லிவிட்டார்கள்.

நரம்புத் தளர்ச்சி என்று ஒருவர் சத்து ஊசி போட்டார். சுளுக்கு எடுத்தோம், கயிறு கட்டினோம். இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் போய்விட்டது. கடைசியில் மதுரையில் ஒரு நரம்பியல் மருத்துவர், அண்ணனை நடக்கவிட்டு, விரலைத் தட்டச் சொல்லி, ஸ்கேன், ரத்தம் எல்லாம் பார்த்து, தாமிரம் சேர்கிற நோயாக இருக்கக் கூடாது என்று கண்ணையும் சோதித்துவிட்டு, இளவயதுப் பார்க்கின்சன் என்றார். லெவோடோபா மாத்திரை கொடுத்தார். முதல் வாரத்திலேயே கை திரும்பி வந்தது. அண்ணன் தானாகப் போய் வலை ஊசியை எடுத்தார். அன்றைக்கு அம்மா அழுத அழுகையைச் சொல்ல முடியாது.

மருத்துவர் ஒரு வார்த்தை சொன்னார்: "மூளைச் செல்களில் பழுதான மைட்டோகாண்ட்ரியாவை அப்புறப்படுத்தும் வேலை இவருக்குத் தடைப்பட்டிருக்கலாம். மரபணுச் சோதனை செய்தால் தெரியும்." வெளியே நூறு பேர் காத்திருந்தார்கள், அதற்கு மேல் கேட்க முடியவில்லை.

இதை வீட்டில் வந்து சொன்னேன். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் சித்தப்பா மகன், மைட்டோகாண்ட்ரியா அம்மாவிடமிருந்து மட்டும்தான் வரும், புத்தகத்தில் போட்டிருக்கிறது என்றான். அம்மா கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. "எவ் வயித்துலேருந்துதான் இது போயிருக்கு" என்று ஒரு மாதமாக ஒரே சொல். சொந்தத்தில் சிலரும் அதையே பேசுகிறார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அம்மா எங்கள் அப்பாவுக்குச் சொந்த அக்கா மகள்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். மைட்டோகாண்ட்ரியாவை அப்புறப்படுத்துவது என்றால் என்ன? இது அம்மாவிடமிருந்து வந்ததா? பதினாறு மணி நேரம் பட்டினி இருந்தால் செல் தன்னைத் தானே சுத்தம் செய்யும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது, உண்மையா? கோக்யூ10 என்று ஒரு மாத்திரை, மாதம் மூவாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும், வாங்கச் சொல்கிறார்கள். அப்புறம், எனக்குத் தாய்மாமன் மகளைப் பேசியிருக்கிறார்கள், தை மாதம் நிச்சயம். நான் என்ன செய்வது?


கீழக்கரை லாத்தா எழுதியது:

தம்பி, செல், மரபணு பற்றியெல்லாம் படித்தவர்கள் சொல்லட்டும். என் வாப்பாவுக்கு ஏழு வருடமாக இந்த நோய். அவர் வயது 67, உங்கள் அண்ணன் கதை வேறு. ஆனால் மாத்திரை ஒன்றுதான், அதனால் எழுதுகிறேன்.

மாத்திரையை மீனோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். எங்கள் வீட்டில் மதியம் மீன் ஆணம் இல்லாமல் சோறு கிடையாது. வாப்பா சாப்பிட்டு முடித்துக் கைகழுவிவிட்டு மாத்திரை போடுவார். மதிய மாத்திரை மட்டும் வேலையே செய்யாது. மாத்திரை போலி என்றுகூட நினைத்தோம். பிறகு மருத்துவர்தான் கேட்டார், எதோடு சாப்பிடுகிறீர்கள் என்று. மீன், கறி, முட்டை, பருப்பு எல்லாம் அந்த மருந்து உடம்பில் ஏறுவதை மறிக்குமாம். இப்போது சோற்றுக்கு அரைமணி நேரம் முன்னால் மாத்திரை, வெறும் தண்ணீரோடு. பெரிய மீனெல்லாம் ராத்திரிக்கு. முதலில் வாப்பா கோபித்துக்கொண்டார். மதியத்தில் தானாக எழுந்து பள்ளிக்கு நடந்து போனபின் கோபம் போய்விட்டது.

பட்டினி பற்றிக் கேட்டீர்கள். இரண்டு வருடம் முன்பு ரமலானில் எங்களுக்குத் தெரியாமல் பகல் மாத்திரைகளை விட்டுவிட்டு நோன்பு வைத்தார். மூன்றாம் நாள் அஸர் தொழுகையில் குனிந்தவர் நிமிர முடியவில்லை. இரண்டு பேர் தூக்கினோம். உடம்பு விறைத்து, காய்ச்சல் வந்துவிட்டது. இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது, ஹஸ்ரத் வந்து பொறுமையாக எடுத்துச் சொன்னார். இப்போது நோன்புக்குப் பகரமாக ஏழைக்கு உணவு கொடுக்கிறோம். உங்கள் அண்ணன் எந்தக் காரணத்துக்காகவும் மாத்திரை நேரத்தைத் தவறவிட வேண்டாம்.

இன்னொன்று, மறக்காமல் எழுதி வையுங்கள். வாப்பாவுக்கு வாந்தி என்று ஓரிடத்தில் காட்டினோம். நோயைச் சொன்னோம், ஆனாலும் மெட்டோகுளோபிரமைட் என்ற ஊசி போட்டுவிட்டார்கள். இரண்டு நாள் மரக்கட்டை மாதிரிக் கிடந்தார். தலைசுற்றலுக்கும் கடலில் போகும்போது குமட்டலுக்கும் சின்னரிசின் என்று ஒரு மாத்திரை விற்கிறார்கள், அதுவும் இந்த நோய்க்கு ஆகாது. கடலுக்குப் போகிறவர் என்பதால் சொல்கிறேன். படகில் யாராவது கொடுத்தால் வாங்கிப் போட்டுவிடப் போகிறார்.

உம்மாவைத் தனியாக விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வையுங்கள்.


மண்டபத்துக்காரி எழுதியது:

தம்பி, நான் மண்டபத்தில் பிறந்தவள். இப்போது பெங்களூரில் ஒரு ஆய்வகத்தில் செல் உயிரியலாளராக இருக்கிறேன். உங்கள் மருத்துவர் சொன்ன அதே வேலைதான், பழுதான மைட்டோகாண்ட்ரியாவைச் செல் எப்படி அப்புறப்படுத்துகிறது என்பதைத்தான் பதினொரு வருடமாகப் பார்க்கிறேன். நான் சிகிச்சை தரும் மருத்துவர் அல்ல. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள். மற்றதைப் பிறகு படிக்கலாம்.

உங்கள் தம்பி படித்தது தவறில்லை, அரைகுறை. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தனியாகக் கொஞ்சம் மரபுப்பொருள் இருக்கிறது, மொத்தம் 37 மரபணுக்கள். அவை அம்மாவிடமிருந்து வருகின்றன, சரி. ஆனால் ஒரு மைட்டோகாண்ட்ரியா இயங்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் வேண்டும். அந்த 37 மரபணுக்களால் அதில் 13-ஐத்தான் செய்ய முடியும். மீதி எல்லாவற்றுக்கும் குறிப்பு செல்லின் உட்கருவில், குரோமோசோம்களில் இருக்கிறது. அதில் பாதி அப்பா கொடுத்தது, பாதி அம்மா கொடுத்தது. உங்கள் மருத்துவர் சந்தேகப்படுவது அநேகமாக இரண்டு மரபணுக்களை. ஒன்று பிங்க்-1, அது 1-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. இன்னொன்று பார்க்கின், 6-ஆம் குரோமோசோமில். இரண்டுமே அந்த 37-க்குள் இல்லை.

இந்த வகை நோய் வர வேண்டுமானால் அப்பாவிடமிருந்து வந்த பிரதியும் பழுதாக இருக்க வேண்டும், அம்மாவிடமிருந்து வந்ததும் பழுதாக இருக்க வேண்டும். ஒன்று நன்றாக இருந்தாலே செல் சமாளித்துக்கொள்ளும். அதனால்தான் அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு பழுதான பிரதியைச் சுமந்துகொண்டு, தெரியாமலே, இத்தனை வருடம் ஆரோக்கியமாக இருக்க முடிகிறது. யாரும் யாருக்கும் எதையும் தெரிந்து கொடுக்கவில்லை. அம்மா வயிறு இதற்குக் காரணமே இல்லை. என் பெரியப்பாவுக்கு இந்த நோய் வந்தபோது நடுக்குவாதம் என்றார்கள், யாரோ செய்த பாவம் என்றார்கள். பெரியம்மா பத்து வருடம் அந்தச் சொல்லைச் சுமந்தார். உங்கள் அம்மாவும் அப்படிச் சுமப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை, அதனால்தான் இந்த இரவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சரி, அப்புறப்படுத்துவது என்றால் என்ன.

ஒரு செல்லுக்குள் நூற்றுக்கணக்கில், சில செல்களில் ஆயிரக்கணக்கில் மைட்டோகாண்ட்ரியா இருக்கும். சாப்பாட்டையும் மூச்சுக்காற்றையும் சேர்த்துச் செல்லுக்கு வேண்டிய ஆற்றலாக மாற்றுவது அவற்றின் வேலை. வேலை செய்யச் செய்யத் தேயும். பழுதான மைட்டோகாண்ட்ரியா சும்மா நின்றுபோவதில்லை. டீசலைப் பாதி எரித்துப் பாதி புகையாகக் கக்குகிற எஞ்சினைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா, அப்படித் தீங்கான பொருள்களைக் கசியவிட்டுச் சுற்றியிருப்பதையும் கெடுக்கும். அதனால் செல் அதைக் கண்டுபிடித்து வெளியேற்றியே ஆக வேண்டும். இத்தனை ஆயிரத்தில் எது கெட்டது என்று எப்படித் தெரியும்? என்னை இந்தத் துறைக்கு இழுத்ததே இந்தக் கேள்விதான்.

கரையில் மீன் ஏலம் நடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல மீன் கூடையை இறக்கியதும் ஆள் வந்து எடுத்துப் போய்விடுவார். வெயில் ஏறிய பிறகும் ஒரு கூடை மணலிலேயே கிடந்தால், திறந்து பார்க்காமலே ஏதோ கோளாறு என்று தெரியும். பிங்க்-1 மரபணுவின் குறிப்பை வைத்துச் செய்யப்படும் அதே பெயருள்ள புரதம் அந்தக் கூடை மாதிரி. செல் அதை ஓயாமல் செய்துகொண்டே இருக்கிறது. நல்ல மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் ஒரு மின்னழுத்தம் இருக்கும். அது பிங்க்-1-ஐ உடனே உள்ளே இழுத்து, வெட்டி, இல்லாமல் ஆக்கிவிடும். மைட்டோகாண்ட்ரியா பழுதானால் அந்த மின்னழுத்தம் விழுந்துவிடும், இழுக்கும் சக்தி இல்லை. பிங்க்-1 வாசலிலேயே தங்கிவிடும், சேர்ந்துகொண்டே போகும். செல்லுக்கு அதுதான் அடையாளம்.

வாசலில் தங்கிய பிங்க்-1, பார்க்கின் என்ற இன்னொரு புரதத்தைக் கூப்பிட்டு எழுப்பும். பார்க்கின் வந்து அந்த மைட்டோகாண்ட்ரியாவின் மேலெல்லாம் யுபிகுவிட்டின் என்ற சிறு புரதத்தைச் சீட்டு ஒட்டுவது போல ஒட்டும். சீட்டைக் கண்டு ஒரு சவ்வு வளர்ந்து, பழுதானதை முழுதாகச் சுற்றி மூடி, லைசோசோம் என்ற அமிலப் பைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அங்கே கரைந்து, மறுபடி பயன்படும் பொருளாகத் திரும்பி வரும். இப்படிச் சுற்றி மூடி எடுத்துப்போகிற வழியின் மரபணுக்களை ஈஸ்ட்டில் கண்டுபிடித்ததற்காகத்தான் ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல் நோபல் கிடைத்தது.

இது ஒரே நாளில் தெரிந்துவிடவில்லை. இளவயதில் நோய் வந்த ஜப்பானியக் குடும்பங்களில் 1998-ல் பார்க்கின் மரபணு கிடைத்தது. 2004-ல் இத்தாலி, ஸ்பெயின் குடும்பங்களில் பிங்க்-1 கிடைத்தது. இரண்டுக்கும் உறவு உண்டு என்று அப்போது யாருக்கும் தெரியாது. 2006-ல் பழ ஈக்களில் பார்த்தார்கள். இரண்டில் எந்த ஒன்றை நீக்கினாலும் ஈயின் சிறகுத் தசையில் மைட்டோகாண்ட்ரியா ஒரே மாதிரி கெட்டுப்போனது. பிங்க்-1 இல்லாத ஈக்குப் பார்க்கினைக் கூட்டிக் கொடுத்தால் தேறியது, மாற்றிச் செய்தால் தேறவில்லை. ஆக, பிங்க்-1 முன்னால், பார்க்கின் பின்னால். 2008-ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ரிச்சர்ட் யூலின் ஆய்வகத்தில் டெரெக் நரேந்திராவும் மற்றவர்களும், பார்க்கின் பழுதான மைட்டோகாண்ட்ரியாவைத் தேடிப்போய் ஒட்டுவதை நேரடியாகக் காட்டினார்கள்.

அதை நானே முதலில் பார்த்த இரவு மறக்கவில்லை. பார்க்கினில் பச்சையாக ஒளிரும் புரதத்தைச் சேர்த்து வைத்திருந்தோம். தட்டில் இருக்கும் செல்களில் அது மூடுபனி மாதிரி எங்கும் பரவி நின்றது. மைட்டோகாண்ட்ரியாவின் மின்னழுத்தத்தைக் குலைக்கும் சிசிசிபி என்ற வேதிப்பொருளைவிட்டேன். ஒரு மணி நேரத்துக்குள் அந்தப் பச்சை முழுக்கத் திரண்டு, நூல் நூலாக, துண்டு துண்டாக மைட்டோகாண்ட்ரியாவின் மேல் போய் உட்கார்ந்தது. பிறகு, நோயாளி ஒருவரின் ரத்தத்திலிருந்து வளர்த்த, பிங்க்-1 பழுதான செல்களில் அதையே செய்தேன். விடியும்வரை பார்த்தேன். பச்சை அசையவே இல்லை. அந்த ரத்தத்தைக் கொடுத்தவர் யார் என்று எனக்குத் தெரியாது, ஓர் எண் மட்டும்தான். அன்று முழுக்க அந்த எண்ணையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

உடம்பின் எல்லாச் செல்லிலும் மைட்டோகாண்ட்ரியா இருக்கும்போது, நடுமூளையில், உடல் அசைவுக்கு வேண்டிய டோபமின் என்ற வேதிப்பொருளைச் செய்கிற செல்கள் மட்டும் ஏன் முதலில் சாகின்றன என்று கேட்பீர்கள். அந்தச் செல்லின் உருவத்தைப் பார்த்தால் கொஞ்சம் புரியும். எலியின் மூளையிலேயே அப்படி ஒரு செல்லின் கிளைகளை எல்லாம் சேர்த்து அளந்தால் ஏறக்குறைய அரை மீட்டர் வருகிறது. மனிதருக்கு இன்னும் அதிகம். அந்த நுனிவரை எல்லா இடத்திலும் மைட்டோகாண்ட்ரியா வேண்டும், அந்தச் செல் ஓய்வே இல்லாமல் துடித்துக்கொண்டும் இருக்கும். பட்டறை கரையில் இருக்க, எஞ்சின் நடுக்கடலில் பழுதாகிற நிலைமை. மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுத்தால் இந்தச் செல்கள்தான் முதலில் விழும் என்பதற்கு ஒரு கொடுமையான சான்றும் உண்டு. 1982-ல் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள் கலப்படமான ஒரு போதைப்பொருளை ஊசியில் ஏற்றிக்கொண்டு, சில நாள்களிலேயே முற்றிய பார்க்கின்சன் நோயாளிகள் போல உறைந்துபோனார்கள். அதிலிருந்த எம்பிடிபி என்ற பொருள் உடம்பில் மாறி, மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் செய்கிற வேலையின் முதல் கட்டத்தையே அடைத்துவிட்டது. ரோட்டினோனும் அதே இடத்தைத்தான் அடைக்கும். தென்கிழக்கு ஆசியாவில் கொடிவேரை நசுக்கி நீரில் கலந்து மீனை மயக்கிப் பிடிப்பார்கள், அந்த வேரில் இருக்கும் நஞ்சு அது.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பிங்க்-1-ஐயோ பார்க்கினையோ நீக்கிய எலிக்கு மனிதரைப் போல நோய் வருவதில்லை. உயிருள்ள எலியின் மூளையில் பிங்க்-1 இல்லாமலே மைட்டோகாண்ட்ரியாவை அகற்றும் வேலை பெருமளவு நடக்கிறது. வேறு வழிகளும் இருக்கின்றன என்று அர்த்தம். தட்டில் பார்த்தது அப்படியே மூளையில் நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது. அதனால்தான் இப்போது நோயாளிகளின் செல்லிலிருந்தே நரம்பு செல்களை வளர்த்துப் பார்க்கிறோம். ஒரு தொகுதி முதிர ஏறக்குறைய ஒரு மீன்பிடித் தடைக்காலம் ஆகும், 61 நாள். போன வருடம் ஐம்பதாம் நாளில் பூஞ்சை விழுந்து எல்லாவற்றையும் கொட்ட வேண்டி வந்தது. மறுபடி முதலிலிருந்து.

கோக்யூ10 வாங்காதீர்கள். மைட்டோகாண்ட்ரியாவுக்கு நல்லது என்ற எண்ணத்தில் ஒரு பெரிய சோதனையே நடந்தது. 600 நோயாளிகள், தினம் 1,200 மில்லிகிராமும் 2,400 மில்லிகிராமும் கொடுத்துப் பார்த்தார்கள். பயனில்லை என்று பாதியில் நிறுத்தினார்கள், 2014-ல் முடிவு வெளிவந்தது. அந்த மூவாயிரத்தை மரபணுச் சோதனைக்குச் சேர்த்து வையுங்கள். பட்டினி பற்றி லாத்தா சொன்னதற்கு மேல் சொல்ல அதிகம் இல்லை. பட்டினியில் செல் கண்டதையும் எடுத்துக் கரைத்து உணவாக்கிக்கொள்ளும், அது உண்மை. அது பழுதானதை மட்டும் தேடி எடுக்கிற இந்த வழி அல்ல. பட்டினி இந்த நோயைத் தீர்க்கும் என்பதற்கு மனிதரில் சான்று கிடையாது. மீன் விஷயத்திலும் அவர் சொன்னது சரி. லெவோடோபாவும் புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களும் குடலிலும் மூளை வாசலிலும் ஒரே கதவு வழியாகத்தான் நுழைய வேண்டும். பூனைக்காலி விதையை யாராவது சொல்வார்கள். அதில் லெவோடோபாவே இருக்கிறது, 1937-ல் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் அதிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அதனாலேயே மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் அளவு தப்பிவிடும்.

அகற்றும் வேலையைத் தூண்டுகிற மருந்து இன்று கடையில் கிடையாது. பார்க்கின் ஒட்டுகிற சீட்டைக் கழற்றிப்போடும் யுஎஸ்பி30 என்று ஒரு நொதி இருக்கிறது. அதைத் தடுக்கும் மருந்து மனிதரிடம் ஆரம்பகட்டச் சோதனைக்கு வந்திருக்கிறது. நான் ஆவலோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன். அண்ணனுக்கு எப்போது வரும் என்று என்னால் சொல்ல முடியாது.

சோதனைக்குப் போகும்போது ஒன்று கேளுங்கள். பார்க்கின் மரபணுவில் எழுத்துப் பிழை மட்டும் வருவதில்லை, துண்டு துண்டாகவே காணாமல் போயிருக்கும். எழுத்தை மட்டும் படிக்கிற சோதனை அதைத் தவறவிடலாம். எம்எல்பிஏ என்ற சோதனையும் சேருமா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்றாலும் சிகிச்சை மாறாது. கிடைத்தால், இந்த வகை பொதுவாக மெதுவாகத்தான் நகரும், மாத்திரைக்கு நன்றாகக் கேட்கும் என்ற தெளிவாவது வரும். பாதம் மடங்குவதும் தூக்கத்துக்குப் பின் தேறுவதும் இந்த வகையில் அடிக்கடி பார்ப்பதுதான்.

உங்கள் கல்யாணம். என் அப்பா அம்மாவே அத்தை மகன், மாமன் மகள். நான் யாரையும் குறை சொல்ல வரவில்லை. அக்கா மகளுக்கும் தாய்மாமனுக்கும் மரபணுக்களில் ஏறக்குறைய கால் பங்கு பொதுவாக இருக்கும். அதனால் ஒரே பழுது இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர வாய்ப்பு கூடுகிறது. அண்ணனிடம் பழுது இன்னதென்று தெரிந்தால், உங்களிடம் அது இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. உங்கள் அம்மாவிடம் இருக்கும் பழுது மாமாவிடமும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மாமாவிடம் இருந்தால் அவர் மகளிடம் இருக்க மறுபடி பாதி. நீங்களும் அந்தப் பெண்ணும் இரண்டு பேருமே சுமப்பவர்களாக இருந்தால்தான் பிள்ளைகளில் நாலில் ஒன்று என்ற வாய்ப்பு வரும். நிச்சயத்தை நிறுத்தவும் சொல்லவில்லை, அவசரப்படவும் சொல்லவில்லை. தைக்கு முன்னால் அண்ணனின் சோதனை முடியட்டும். மரபணு ஆலோசகரிடம் அந்தப் பெண்ணும் கூட வரட்டும், அவருக்கும் தெரிய வேண்டிய விஷயம் இது.

அண்ணன் கடலுக்குப் போவதானால் தனியாக வேண்டாம். மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போகட்டும். மாத்திரையை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வைக்கச் சொல்லுங்கள், ஈரம் பட்டால் வீண்.


தெற்குவாடித் தம்பி எழுதியது:

அக்கா, நேற்று ராத்திரி அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து நீங்கள் எழுதியதை வாசித்தேன். 37 மரபணு என்ற இடத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். "அப்போ ஒங்கப்பாட்டேருந்தும் பாதியா?" என்று கேட்டார். அப்பா வாசலில் பீடியைக் கீழே போட்டுவிட்டு, "ஆமா, எம்பாதியும் சேத்துத்தான்" என்றார். வேறு எதுவும் பேசவில்லை. அம்மா எழுந்து போய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்தார், இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். ஒரு மாதத்துக்கு அப்புறம்.

லாத்தா, அண்ணன் படகில் பத்து மணிக்குக் கஞ்சியும் கருவாடும் சாப்பிட்டுவிட்டுத்தான் மாத்திரை போட்டிருக்கிறார். இன்று ஒன்பதரைக்கே போட்டுவிட்டு அப்புறம் சாப்பிட்டார். பதினொரு மணிக்கு வலை இழுக்கும்போது கை சொன்னபடி கேட்டது என்று கரையேறியதும் சொன்னார். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சின்னரிசின் பெயரை ஒரு அட்டையில் எழுதி மாத்திரை டப்பாவில் ஒட்டிவிட்டேன்.

மாமா வீட்டில் நானே பேசினேன். மாமா முதலில் முகம் மாறினார். அந்தப் பெண்தான், "பரிசோதனை பண்ணிட்டே பேசலாம், நானும் வர்றேன்" என்றது.

அண்ணன் ஒன்று கேட்கச் சொன்னார், அக்கா. ஓர் எண்ணை நினைத்துக்கொண்டிருந்ததாக எழுதினீர்களே, அதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். தன் ரத்தத்தையும் அப்படிக் கொடுக்கலாமா என்கிறார்.


மண்டபத்துக்காரி எழுதியது:

தம்பி, அம்மா சாப்பிட்டார் என்று படித்ததும் கொஞ்ச நேரம் வேறு எதுவும் செய்ய முடியவில்லை.

அண்ணன் கொடுக்கலாம். ஆனால் எங்கள் ஆய்வகத்துக்கு நேரடியாக இல்லை, அப்படி வாங்க எங்களுக்கு அனுமதி கிடையாது. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்ற ஆய்வு நடக்கிற மருத்துவமனை வழியாகத்தான் வர வேண்டும். மரபணுச் சோதனைக்குப் போகும்போது அந்த மருத்துவரிடமே கேளுங்கள், இப்படி ஆய்வு எங்கே நடக்கிறது, சேர முடியுமா என்று. ஒரு சிறு குழாய் ரத்தம் போதும். அதற்காக அண்ணனிடம் ஒரு ரூபாய்கூட யாரும் கேட்கக் கூடாது. அதனால் அண்ணனுக்கு இப்போது எந்தச் சிகிச்சையும் கிடைக்காது என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், நம்பிக்கையில் வந்து ஏமாந்துபோகக் கூடாது. மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ஒப்புதல் படிவம் அவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். தமிழ்ப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். அங்கேயே நின்றுகொண்டு கையெழுத்துப் போட வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுவந்து, நேற்று அம்மாவுக்கு வாசித்தீர்களே, அதே மாதிரி அண்ணனுக்கும் முழுக்க வாசித்துக் காட்டிவிட்டு அப்புறம் போடச் சொல்லுங்கள்.